முதல் முடி

தண்ணீர் பட்டதும்தான் தெரிகிறது, தலை இவ்வளவு சின்னதா என்று. இத்தனை நாளும் முடியைத்தான் தலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தோளுக்குக் கீழே தொங்கிய முடி, ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினால் அங்கன்வாடி டீச்சர்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார், அது முழுதும் கலியன் அண்ணன் சொம்பிலிருந்து அள்ளித் தேய்த்த தண்ணீரில் ஒட்டிக்கொண்டு, இப்போது என் மகள் மிதுனாவுக்குத் தென்னங்குரும்பை அளவுதான் தலை. என் தம்பி தினகரன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். அவன் கையிலிருக்கும் போனில் யானைப் பாட்டு ஓடுகிறது, அவள் கண் அதை விட்டு நகரவில்லை. நான் எதிரே குந்தி அவள் ரெண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "நல்லாப் புடிச்சுக்கம்மா, புள்ள ஒதைச்சா கத்தி வழுக்கிடும்" என்கிறார் கலியன் அண்ணன், புது பிளேடைக் கத்தியில் மாட்டிக்கொண்டே. பாதம் ரெண்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. வேர்த்திருப்பது என் உள்ளங்கை. இது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, ஏனென்றால் எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. யாரிடமும் சொன்னதில்லை, யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு. விளக்கேற்றுகிறேன், வெள்ளிக்கிழமை வாசலுக்குச் செம்மண் இடுகிறேன், பிள்ளைக்குத் திருநீறு பூசுகிறேன், மருமகள் வேலையில் அதுவும் சேர்த்தி. கோபத்தில் வந்த நம்பிக்கையின்மையும் இல்லை. உளுந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறோம், இல்லை, மூடி வைக்கிறோம், அதற்காக உளுந்தின் மேல் கோபப்படுவோமா, அது மாதிரி. அப்புறம் ஏன் கை வேர்க்கிறது. வேர்ப்பது சாமிக்காக இல்லை. செருப்புக்காக.

செருப்பு என் பின்னால் மஞ்சள் பையில் இருக்கிறது. பழுப்பு நிறம், மெத்தென்று அடிப்பாகம், கடைக்காரர் ரெண்டு வருஷம் உழைக்கும் என்றார். அத்தைக்கு வாங்கியது. என் மாமியார் வேம்பு அத்தை செருப்பு போட்டு மிதுனா வயசு ஆகிறது. மிதுனா எட்டாம் மாதத்திலேயே பிறந்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அத்தை வேண்டிக்கொண்டது, பிள்ளை பிழைத்தால் அதன் முதல் முடி குலதெய்வம் காத்தாயிக்கு, அதைக் கொடுக்கிற வரைக்கும் காலில் செருப்பு போடமாட்டேன் என்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கழற்றியது. வீட்டுக்கு வெறுங்காலோடு வந்து செருப்பைக் கழுவிப் பரணில் வைத்தது. அதற்குப் பிறகு ரேஷன் கடை, நூறு நாள் வேலை, கல்யாணம், கருமாதி எல்லாம் வெறுங்கால். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் ஓரமாகப் புல் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து மிதித்து அத்தை போவதைப் பின்னாலிருந்து பார்த்தால் நொண்டி ஆடுகிற மாதிரி இருக்கும், சிரிப்பு வரும், ராத்திரி குதிகால் வெடிப்பில் அத்தை விளக்கெண்ணெய் தடவும்போது சிரித்தது உறுத்தும். முள் குத்தினால் நான்தான் ஊக்கால் எடுப்பேன். அப்படியே விட்டிருந்தால் ஒரு வருஷத்திலேயே முடிந்திருக்கும் காரியம். முதல் பிறந்த நாளுக்குத்தான் வெடித்தது. இட்லி தின்றுகொண்டே அத்தை, அடுத்த மாசம் காத்தாயிக்கு முடி இறக்கிடலாம் என்றது. என் அம்மா சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அதெப்புடி சம்பந்தி, முதல் முடிய நான் வேளாங்கண்ணி மாதாவுக்குல்ல நேந்துருக்கேன்" என்றார். என் வீட்டுக்காரர் கோபி கையில் பிட்ட இட்லியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, நீங்களுமா" என்றேன். "நாகூராருக்கு" என்றார், குரலே இல்லாமல். ஐஸ் கம்பெனியில் அவருடைய முதலாளி பாய் சொல்லியிருக்கிறார், ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு வா தம்பி, கைவிட மாட்டாருன்னு, இவர் போய்ப் பச்சைப் போர்வையைத் தொட்டு முதல் முடியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு பிள்ளை, ஒரு தலை, மூன்று முதல் முடி. நான் சிரித்துவிட்டேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு வருஷம். முடி வளர்ந்துகொண்டே போனது, பேன் வந்தது, சண்டையும் வளர்ந்தது. "ரெண்டாவது முடிய வேணா ஒங்க மாதாவுக்குக் குடுங்க, யாரு வேணாங்குறா" என்று அத்தை சொல்ல, "எச்சி இலையில சோறு போடச் சொல்றீங்களா" என்று அம்மா சொல்ல, "தெனம் இந்தத் தலைக்கு எண்ணெய் வச்சு, சீயக்காய் தேச்சுக் குளிப்பாட்டுறவ நானு, எனக்கில்லாத பாத்தியதை யாருக்கு" என்று அத்தை முடிக்கும். கோபி இரண்டு பேருக்கும் நடுவில் பூனை மாதிரி நடப்பார். கடைசியில் வழி சொன்னது நான்தான். மூன்று கத்தரிக்கோல். மூன்று பேரும் ஆளுக்கொரு கற்றையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் எண்ணுகிறேன், ஒரே நேரத்தில் வெட்டுங்கள், மூன்றும் முதல் முடி, அவரவர் மஞ்சள் துணியில் முடிந்து அவரவர் இடத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள், மீதித் தலை காத்தாயி வாசலில் மொட்டை. நம்பாதவள் சொன்ன யோசனைதான் மூன்று சாமிக்கும் பொருந்தியது. கொஞ்சம் முன்னால் அது நடந்தது. நான் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணும்போதே கோபி பதற்றத்தில் நறுக்கென்று வெட்டிவிட்டார். அத்தை தன் கற்றையை வெட்டிக்கொண்டே, "ஒங்க மொதலாளி சாமிக்கு என்னாடா அவ்வளவு அவசரம், பஸ்ஸு போயிடுமா" என்றது. அம்மாகூடச் சிரித்துவிட்டார். அதனால் சண்டை இல்லாமல் தப்பித்தோம். இப்போது நெற்றிக்கு மேலே மூன்று இடத்தில் எலி கடித்த மாதிரி குட்டை குட்டையாக நிற்கிறது முடி, கலியன் அண்ணன் அங்கே கத்தியை வைக்கிறார், சர்ர் என்கிறது. காய்ந்த வாழைச் சருகை இழுக்கிற சத்தம். நடு உச்சியில் ஒரு பாதை விழுகிறது, வெள்ளை வெளேரென்று, இந்தத் தோல் இதுவரைக்கும் வெயிலையே பார்த்ததில்லை. இல்லை. ஒரே ஒரு இடம் பார்த்திருக்கிறது, வெயிலை இல்லை, டியூப் லைட்டை. வலது காதுக்கு மேலே. அதை நினைக்காதே. அங்கே வருவதற்கு நேரம் இருக்கிறது, முதலில் உச்சி, பிறகு இடது பக்கம், பிறகு பின் மண்டை, கடைசியில்தான் வலது பக்கம்.

எதிரே காத்தாயி நிற்கிறாள், துபாயில் வேலை பார்க்கிற யாரோ போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகைக்குள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. அந்தப் பிள்ளைக்கு மொட்டை இல்லை, கல்லிலேயே சுருட்டை முடி செதுக்கியிருக்கிறது. மாதாவும் கையில் பிள்ளையோடுதான் நிற்கிறார், அந்தப் பிள்ளைக்கும் முடி இருக்கிறது, கிரீடம் வேறு. ரெண்டு பேருமே எனக்கு ஞாபகமிருக்கிற வரைக்கும் பிள்ளையை இடது பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். வலது கைக்கு வேலை இருக்கும். செதுக்கினவன் தன் வீட்டில் ஒரு தாயைப் பார்த்துத்தான் செதுக்கியிருப்பான், அதுவரைக்கும் எனக்குச் சாமி புரிகிறது. நாகூரில் அதுவும் இல்லை, உருவமே கூடாது, போர்வையும் பூவும் ஊதுவத்தி வாசனையும்தான், எனக்கு அந்த இடத்தில்தான் கொஞ்சம் நேரம் உட்காரத் தோன்றும், யாரும் நம்மை முறைத்துப் பார்க்காத மாதிரி. முடி விஷயத்தில் ஒவ்வொரு சாமியும் ஒவ்வொரு விதம். ஐஸ் கம்பெனிக்கு அடுத்த வீட்டு ரஹ்மத் அக்கா, "நாங்க ஏழாம் நாளே எடுத்துருவோம் மேகலா, முடி எடைக்கு வெள்ளி தர்மம் பண்ணிட்டா முடிஞ்சுது, ஒங்கள மாதிரி ரெண்டு வருசம் பேன் வளக்க மாட்டோம்" என்று சிரிப்பார். பின் தெரு எலிசா அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர், ஆண்டவர் கேட்பது இருதயத்தை, மயிரை இல்லை என்பார், ஆனால் பெண்பிள்ளை முடியை வெட்டக் கூடாதாம். அடகுக்கடை சேட்டு வீட்டம்மா சொன்னார், அவர்கள் சாமியார்கள் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வார்களாம், பிளேடு கூடாது. புறவழிச்சாலை போட வந்த ஒரு சர்தார்ஜி தன் மகனையும் கூட்டிவந்திருந்தார், அந்தப் பையனுக்கு உச்சியில் கொண்டை, வெள்ளைத் துணி, அவன் பிறந்ததிலிருந்து ஒரு முடி வெட்டவில்லை, அவர்கள் சாமிக்கு வெட்டினால்தான் குற்றம். ஒருவர் கொடு என்கிறார், ஒருவர் வைத்துக்கொள் என்கிறார், ஒருவர் பிடுங்கு என்கிறார். எல்லாம் ஒரே சாமி என்றால் ஒரு வீட்டில் ஒரு சட்டம் போட மாட்டாரா. வேறு வேறு சாமி என்றால், கடைசியில் அவர்களும் அம்மாவும் அத்தையும் மாதிரித்தானே. பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு பதில் மனப்பாடம் பண்ணினோம், எல்லா ஆறுகளும் கடலில் சேர்வது போல எல்லா மதங்களும் இறைவனிடம் சேர்கின்றன. எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் எங்கள் ஊர் கடைமடை. எங்கள் ஆறு வருஷத்தில் பாதி நாள் கடல் வரைக்கும் வருவதே இல்லை. மேலே யார் யாரோ மடையைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்கள், இங்கே மணல்தான், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இடது பக்கம் முடிந்துவிட்டது. கலியன் அண்ணன் கத்தியைச் சொம்பில் முக்கி உதறுகிறார், முடி ஒரு கற்றையாகத் தினகரன் முழங்காலில் விழுகிறது. "மாமன் மடியில எம்மாம் முடி பாரு. ஒன் தலையிலகூட இல்லடா தம்பி" என்று அத்தை அவனை வம்புக்கிழுக்கிறது. அவன் "எனக்கும் ஒரு சாமிகிட்ட சொல்லுங்க அத்தை, வளந்தா செருப்பில்லாம நடக்குறேன்" என்கிறான். அத்தை சந்தனக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டே சிரிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடலாம். பின் மண்டையில் கத்தி இறங்குகிறது. தலையைக் குனிய வைத்ததும் மிதுனா சிணுங்குகிறாள், தினகரன் போனைத் தாழ்த்துகிறான், சிணுங்கல் நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் கிடந்தபோது இவள் அழவே இல்லை. அழச் சத்து இல்லை. வாய் மட்டும் திறக்கும், சத்தம் வராது. தாய் மட்டும் உள்ளே போகலாம், காலில் நீலச் செருப்பு மாட்டி, கை கழுவி, பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வரலாம். அடுத்த பெட்டி சித்ரகலாவுடையது. அவள் பிள்ளை இவளை விடக் கனம், இவளை விடச் சிவப்பு. சித்ரகலா கையில் சிவப்புக் கயிறு, பச்சைக் கயிறு, ஜெபமாலையைச் சுற்றி வளையல் மாதிரி போட்டிருப்பாள், தலைமாட்டில் எந்தெந்த ஊர்த் திருநீறோ, எலுமிச்சம்பழமோ, தீர்த்தமோ. ஒரு வாசல் விடாமல் தட்டினாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் என்னைக் கேட்டாள், "நீங்க யார்கிட்டக்கா வேண்டிக்கிறீங்க, சொல்லுங்க, நானும் வேண்டிக்கிறேன்" என்று. யாரிடமும் இல்லை என்று எப்படிச் சொல்வது. காத்தாயி என்றேன். "சரிக்கா" என்று அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தப் பெட்டி காலியாக இருந்தது. துடைத்து, புது விரிப்பு விரித்து, அடுத்த பிள்ளைக்குத் தயாராக. விரிப்பில் மடிப்புகூட இல்லை. நான் அந்த விரிப்பிலேயே நின்றுவிடுகிறேன், எங்கே சுற்றினாலும் நினைப்பு அங்கே வந்துதான் நிற்கிறது. கேட்டவள் பிள்ளை போனது. கேட்காதவள் பிள்ளை இருக்கிறது. இதை வைத்துச் சாமி இல்லை என்று நான் சொன்னால் அது நியாயமில்லை, சாமி இருந்து கேட்காதவளுக்குக் கொடுத்தார் என்று இன்னொருத்தர் சொன்னால் என்னால் மறுக்கவும் முடியாது. ஆனால் அப்படி ஒருவர் இருந்தால், சித்ரகலாவை முகத்துக்கு நேரே பார்த்துவிட்டுத்தானே என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை என்பதே அவருக்கு மரியாதை.

அந்தப் பெட்டி காலியான நாள்தான் அதுவும் நடந்தது. கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை, எல்லா இடமும் குத்திக் கருத்துப் போயிருந்தது. சிஸ்டர் சொன்னார், "தலையில போட்டுடலாம்மா, தலையில நல்லாக் கெடைக்கும், பயப்படாத." ஒரு பிளேடை இரண்டாக ஒடித்தார். வலது காதுக்கு மேலே பஞ்சில் மருந்து நனைத்துத் துடைத்து, அரை பிளேடால் இரண்டே இழுப்பு. பிறந்த முடி, பூனை முடி, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பஞ்சை மூடி போட்ட மஞ்சள் குப்பை டப்பாவில் போட்டார், காலால் மிதித்தால் திறக்கும் டப்பா. டப் என்று மூடியது. அதுதான் முதல் முடி. அங்கே சாமி யாரும் இல்லை. சிஸ்டர் கழுத்தில் சிலுவை இருந்ததா தாலி இருந்ததா, அவர் என்ன ஆள், எதுவும் எனக்கு ஞாபகமில்லை, விரல் மட்டும் ஞாபகமிருக்கிறது, மோதிர விரலில் பால்பாயின்ட் மை. அந்த நரம்பில்தான் மருந்து இறங்கியது. பிறகு அந்த இடம் வீங்கி, கொப்புளம் கட்டி, ஆறி, ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பளபளப்பாக நின்றுவிட்டது, அதில் முடி முளைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது தலையில் குல்லா. அதன்பிறகு சுற்றி முடி வளர்ந்து மூடிக்கொண்டது. சடை பின்னும்போது நான் அந்தப் பக்கத்து முடியை மேலே வாரித்தான் பின்னுவேன். முதலில் வேண்டுமென்று மறைக்கவில்லை. மூன்று பேரும் முதல் முடிக்கு அடித்துக்கொண்டபோது வேடிக்கையாக இருந்தது, சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு நாள் வாயைத் திறந்தேன், அப்போது அத்தை வாசலில் உட்கார்ந்து காலில் குத்திய கண்ணாடித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். முதல் முடி ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரிந்துபோய்விட்டது என்றால் அந்த நேர்த்தியை எதை வைத்து முடிப்பது. முடியவே முடியாது. அத்தை நேர்ந்துகொண்டதை மாற்றுகிற ஆளில்லை. சாகிற வரைக்கும் வெறுங்காலோடு நடக்கும், நடந்துகொண்டே என்னைப் பார்க்கும்.

அம்மாவும் கோபியும் பிரச்சினையில்லை. அம்மா கொஞ்சம் அழுவார், கோபி பாயைக் கேட்டுக்கொண்டு வருவார், பாய் பரவாயில்லை என்பார். அவர்கள் இரண்டு பேரும் இப்போது கொட்டகைக்கு அந்தப் பக்கம் பொங்கல் பானையோடு இருக்கிறார்கள், புகையில் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கரண்டி போடுகிறார். இங்கே அத்தைதான், என் தோளுக்கு மேலே, சந்தனக் கிண்ணத்தோடு, மூச்சு என் காதில் படுகிற தூரத்தில். கத்தி பின் மண்டையைத் தாண்டி வலது பக்கம் திரும்புகிறது. என்ன சொல்லலாம். கொசு கடித்தது, புண் வந்தது, கட்டிலில் இடித்துக்கொண்டாள். கலியன் அண்ணனுக்கு எத்தனை ஆயிரம் தலை, பார்த்ததும் தெரியும், பெட்டிப் பிள்ளைகள் தலையை எவ்வளவோ பார்த்திருப்பார். அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால். கண்ணை மூடி யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, காட்டிக்கொடுக்காதே என்று, யாரிடம் சொல்வது, ஆளில்லையே. இப்படித்தான் ஆள் உண்டாகிறதோ என்னவோ. சொல்ல ஒன்று இருக்கிறது, கேட்க ஆளில்லை, சொல்லிச் சொல்லி அந்தப் பக்கம் ஒரு காது முளைக்கிறது. நான் சொல்லவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். சர்ர். முடி விலகியது. இருக்கிறது, அங்கேயேதான் இருக்கிறது, ஈரத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுகிறது. கலியன் அண்ணன் கத்தி ஒரு கணம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே பார்த்தார். பிறகு அந்த இடத்தைச் சுற்றி வளைத்து, பூவைக் கிள்ளுகிற மாதிரி மெதுவாக வழித்துக்கொண்டு போனார். கத்தி காதோரத்துக்கு இறங்கியது, முடிந்தது. "ஆச்சுக்கா" என்றார் அத்தையிடம்.

அத்தையின் கை என் தோளைத் தாண்டி வந்தது. சந்தனத்தில் முக்கிய கட்டைவிரல். அம்மா புகைக்குள்ளிருந்து, "மொட்டை ஆயிடுச்சா, இருங்க நானும் வாரேன்" என்று குரல் கொடுக்க, அத்தை அந்தப் பக்கம் திரும்பி, "வாங்க சம்பந்தி, பொங்கல் அடி புடிச்சிடப் போவுது, பாத்து வாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பார்க்காமலே, விரல் நேரே போய் வலது காதுக்கு மேலே அந்தப் புளியங்கொட்டையின் மேல் உட்கார்ந்தது. அப்பியது. கெட்டியாக இன்னொரு விரல் எடுத்து அதன் மேலேயே அப்பியது. பிறகுதான் உச்சிக்கும் பின்னுக்கும் தடவ ஆரம்பித்தது. அம்மா வந்து பார்க்கும்போது தலை முழுதும் மஞ்சள் பூத்த ஒரு சந்தன உருண்டை. "மாதாவே, எம்புட்டு அழகு" என்றார் அம்மா. நான் குந்தியபடியே இருந்தேன். தெனம் இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற விரல் அது. குல்லாவைக் கழற்றி, பிள்ளையைக் காலில் போட்டு முதல் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து. எப்படி மறந்தேன். வாரிப் பின்னி மறைத்துக்கொண்டிருந்தது ஊருக்கு, விரலுக்கு இல்லை. அப்படியானால் அந்தத் தார் ரோடு, அந்தக் கண்ணாடித் துண்டு, ஒரு வருஷச் சண்டை, எனக்கில்லாத பாத்தியதை, எல்லாம் தெரிந்தே. முதல் முடி இல்லை என்று தெரிந்தே முதல் முடிக்காக நடந்திருக்கிறது. அது யாருக்கு நடந்த நடை என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே நிற்கிற காத்தாயிக்குத் தெரியுமா என்றால், கல்லைப் பார்த்தேன், அது பிள்ளையை இடுக்கிக்கொண்டு தன் வேலையாக நின்றது. மிதுனா மொட்டையைத் தடவிப் பார்த்துக் கையில் வந்த சந்தனத்தை நக்கினாள். "துப்புடி" என்றேன், என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அத்தை கையைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். "மேகலா, செருப்பு எடுத்தாந்தியா" என்றது. பையிலிருந்து எடுத்து மண்ணில் வைத்தேன். பரணில் இருந்த பழைய செருப்பை அளவு வைத்துத்தான் வாங்கியிருந்தேன். அத்தை வலது காலை நுழைத்தது, பாதி போய் நின்றது. வெறுங்காலாகவே நடந்து நடந்து பாதம் அகண்டு போயிருந்தது, சுண்டு விரல் வாருக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. தள்ளிப் பார்த்தது, போகவில்லை. காலை உருவிக்கொண்டு, செருப்பைத் தூக்கித் தட்டி மண்ணை உதறி, அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு கிழிந்துவிட்டதா என்று திருப்பிப் பார்த்தது. "அழுக்காக்காம வையி" என்றது, "கடையில மாத்திக் குடுப்பானான்னு கேக்கலாம்."